பொன்னாடைக்குப் பின்னால் போன தீர்மானம்

சித்தப்பா வீட்டு ரங்குப்பெட்டியின் அடியில், சித்தியின் கூறைச்சேலைக்கும் காணி உறுதிக்கும் நடுவில் கிடந்தது அந்த வீடியோக் கசெற். ஈ-180, மூன்று மணி நேர ரேப். முதுகில் நீலப்பேனையால் 'சப்பறத் திருவிழா 94' என்று எழுதி, அதற்குக் கீழே 'அழிக்கக் கூடாது' என்று இரட்டைக் கோடு போட்டிருந்தது. சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால், ரேப் சுற்றின் விளிம்பு முழுக்க அரிசிமா தூவினது போல வெள்ளை. பூஞ்சணம்.

அந்தச் சப்பறத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வெளிவீதியில் நாலு தவில் இருந்து சமா, அதாவது மேளக்கச்சேரி, நடந்தது. இரண்டாவது தவில் என் பெரியப்பா. அவருக்கு இப்போது எண்பதுக்குக் கிட்ட வயது. தவில் வாசிக்க விரலில் கூடு கட்டிப் பதினைந்து வருசம் ஆகிவிட்டது. அவர் வாசிப்பது படமாக இருப்பது இந்த ஒரு ரேப்பில்தான்.

முதலில் சோம்பலில் பட்டினத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். இரண்டு கிழமை கழித்து ஒரு டிவிடி தந்தார்கள். அகலத் திரைக்கு ஏற்றமாதிரிப் படத்தை இழுத்துவிட்டதில் தவில் எல்லாம் பூசணிக்காயாகியிருந்தது. சத்தத்துக்கு எக்கோ போட்டிருந்தார்கள். கலியாண வீடியோ என்று நினைத்தார்களோ தெரியாது. நாற்பது நிமிடத்தோடு நீலத்திரை. "மிச்சம் வராது அண்ணை, ரேப் பழுது" என்றார் பொடியன். பூஞ்சணத்தோடு அப்படியே வீடியோ டெக்குக்குள் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்பது கசெற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். மூன்று மாதம் போனது.

இந்த ரேப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவில், சித்தியின் உடுப்புப் பையில் இதுவும் போயிருக்கிறது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, பிறகு ஒரு தென்னங்காணிக் கொட்டில். திரும்பி வந்து ரங்குப்பெட்டிக்குள் போனது, அதற்குப் பிறகு வெளிச்சம் காணவில்லை. எங்கள் மாரிகாலத்து ஈரத்துக்கு இவ்வளவும் மிஞ்சியதே பெரிது.

டெக் தேடின கதை சின்னது. கனடாவில் இருக்கும் மச்சான் தன்னுடையதை அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அது என்.ரி.எஸ்.சி என்ற வட அமெரிக்க வீடியோ முறை, 525 கோடு. எங்கள் ரேப் 'பால்' (PAL) முறை, 625 கோடு. புலம்பெயர்ந்த வீடுகளில் இருக்கும் பழைய டெக்குகளில் லண்டன் சாமான்தான் எங்களுக்கு உதவும். கடைசியில் கிடைத்தது லண்டனும் இல்லை, சுன்னாகத்தில் பழைய இரும்பு எடுப்பவரிடம் இரண்டு டெக். ஒன்று ஓடும் போலத் தெரிந்தது. மற்றது சவம், ஆனால் சவத்திலும் ரீல் சுற்றும் மோட்டார் உயிரோடு இருந்தது. அதுதான் பிறகு பெரிய உதவி.

'ஓடும் போலத் தெரிந்த' டெக்கில் முதலில் வேறொரு பயனில்லாத படக் கசெற்றைப் போட்டுப் பார்த்தேன். இந்த ஒரு புத்திக்கு என்னை நானே மெச்ச வேண்டும். உள்ளே இழுத்தது, டிரம்மில் சுற்றியது, படம் வந்தது. நிறுத்தியபோது ரேப்பைத் திருப்பி உள்ளே சுருட்டாமல் கசெற்றை வெளியே தள்ளியது. கறுப்பு ரேப் குடல் மாதிரித் தொங்கியது. காரணம் பெல்ற். உள்ளே ரேப்பை இழுத்துப் பூட்டும் பொறிக்கு ஒரு சின்ன ரப்பர் பெல்ற் உண்டு. வருசம் போகப் போகத் தளர்ந்து வழுக்கும். புதுசு யாழ்ப்பாணத்தில் கிடையாது. பழைய ரேடியோத் திருத்துனர் ஒருவர் சொல்லித் தந்த வழி: பெல்ற்றைக் கழற்றிக் கொதிதண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் சுருங்கிப் பிடிக்கும். பிடித்தது. நிரந்தரம் இல்லை, சில கிழமைக்குக் காணும். எனக்கு அதுவே காணும். கடை ரப்பர் வளையம் போடுபவர்களும் உண்டு. ஒரு சீராக இழுக்காது, போடவே வேண்டாம்.

அடுத்தது தலை, அதாவது ரேப்பில் உள்ளதை வாசிக்கும் பகுதி. டிரம் நிமிடத்துக்கு 1500 தரம் சுற்றும். அதில் இருக்கும் தலை மயிரிழை நுனி. ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் நுனி முறிந்துவிடும், அதோடு டெக் முடிந்தது. வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்து டிரம்மில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் டிரம்மைத்தான் சுற்ற வேண்டும். பாமசியில் விற்கும் ஸ்பிரிற்றில் தண்ணீர்ச் சேர்மானம் கூட. போன் திருத்தும் கடைகளில் போர்ட் கழுவ வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு சின்னப் போத்தல் கேட்டு வாங்கினேன். தாளில் முதல் தரம் தார் மாதிரிக் கறுப்பு வந்தது. ஐந்தாம் தரம் வெள்ளை.

இனி ரேப். கசெற்றின் அடியில் ஐந்து ஸ்குறு. கழற்றமுதல் ஒவ்வொரு உருளையும் எங்கே இருக்கிறது என்று போனில் படம் எடுத்தேன். இரண்டு ரீலையும் எடுத்து, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் வாளியில் சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்த சிலிக்காஜெல் பைகளோடு பத்து நாள் வைத்தேன். ஈரப் பூஞ்சணத்தைத் துடைத்தால் பசையாக இழுபடும்; காய்ந்தால் தூளாக உதிரும். காய்ந்த பிறகு, செத்த டெக்கின் டிரம்மைக் கழற்றிவிட்டு, அதன் சுற்றும் மோட்டாரை மட்டும் வைத்து, நூல் விடாத மெல்லிய துணி இரண்டு மடிப்புக்கு நடுவால் முழு ரேப்பையும் ஓடவிட்டேன். ஏறத்தாழ 250 மீற்றர். முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி, முகக்கவசத்தோடு. ஆரோக்கியத்துக்கு நல்ல சாமான் இல்லை இது. துணியை ஏழு தரம் மாற்றினேன். "கோழி வளக்கிற வீட்டில உதையும் செய்யிறியே" என்று அம்மா பேசினா.

பிழை இங்கேதான் விட்டேன். மூன்றாம் சுற்றில் மழை தூறியது. அவசரத்தில் மோட்டாரை நிறுத்தாமல் மேசையை இழுத்தேன். ரேப் ஒரு பக்கம் மடிந்து நசுங்கிப் போனது. ஏழு சென்ரிமீற்றர் அளவு. ரேப் ஒரு நொடிக்கு 2.3 சென்ரிமீற்றர்தான் நகரும் என்றபடியால் அது மூன்று நொடிப் படம். நசுங்கின துண்டைத் தலைக்கு மேலால் ஓட்டினால் தலை போகும், வெட்டத்தான் வேண்டும். வெட்டி, டிரம்மில் படாத பின்பக்கத்தில், ஒட்டுவதற்கென்றே உள்ள ரேப்பால் ஒட்டினேன். சாதாரண செலோரேப்பின் பசை வெயிலுக்குக் கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும், தலையிலும் ஏறும். போன மூன்று நொடியில் கச்சான் கடையும் ஒரு சைக்கிளும் இருந்தன. கடைக்காரர் தந்த டிவிடியில் பார்த்து ஆறுதல் பட்டேன். அந்த டிவிடிக்கும் ஒரு பயன் வந்தது.

கணினிக்குள் எடுப்பதற்கு முதலில் யூஎஸ்பிக் குச்சி ஒன்றைத்தான் நேரே பூட்டினேன். படத்தின் தலைப்பக்கம் கொடி மாதிரி வளைந்து ஆடியது, நடுநடுவே படங்கள் தவறின. பழைய ரேப்பின் நேரக்குறி தள்ளாடும். மலிவுக் குச்சிக்கு அது பிடிபடாது. டெக்கில் இருந்து பழைய டிவிடி ரெக்கோடர் ஒன்றுக்குள் விட்டு, அதன் வெளிவாயால் குச்சிக்குள் எடுத்தேன். ரெக்கோடர் எதையும் பதியவில்லை, நடுவில் நின்று தள்ளாட்டத்தை நேராக்கி விட்டது, அவ்வளவுதான். 720க்கு 576, வேர்ச்சுவல்டப் மென்பொருளில் இழப்பில்லாத சுருக்கம், மணிக்கு 30 ஜீபி அளவு. மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

ஒன்று சொல்ல வேண்டும், பலர் விடும் பிழை. வீடியோ ரேப் நொடிக்கு 25 முழுப்படம் என்பார்கள். உண்மையில் அது 50 அரைப்படம், ஒன்றுவிட்ட கோடுகளாக. அதை 25 ஆக அரைத்துவிட்டால் மனிதர் நடப்பது வடிவாகத்தான் தெரியும், ஆனால் தவில் போய்விடும். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கம்பு ஒரு அரைப்படத்தில் மேலே நிற்கும், அடுத்ததில் தோலில் இருக்கும். பாதியை எறிந்தால் கம்பு மேலேயே நிற்க அடி கேட்கும். 50 ஆகவே விரித்து வைத்தேன். பெரியப்பாவின் மணிக்கட்டு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பைப் பிடிக்கவில்லை அவர். விரலிடுக்கில் தொங்கவிட்டிருக்கிறார்; அது தானாகத் தோலில் துள்ளித் திரும்பி வருகிறது.

படம் வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை.

இந்த வகை ரேப்பில் சாதாரண ஒலித்தடம் மேல் விளிம்போரமாக ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் ஓடுகிறது. பூஞ்சணம் பிடிப்பது விளிம்பில். அதனால் படம் தப்பிய இடங்களிலும் சத்தம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இதற்கு மேலாகக் கமராவின் குணம். தோளில் வைக்கும் அந்தக் காலத்துப் பெரிய கமரா சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரு அடி பலமாக விழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அமுங்கினது மெல்ல எழும்பி வரும்போது அடியைத் தேடினால் இல்லை, வீடியோ லைற்றுக்கு வைத்த மண்ணெண்ணெய் ஜெனரேற்றர்தான் கேட்கும். 1990 இல் போன கரண்ட் 94 இலும் வரவில்லை என்பதை இப்போது பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 'டுக்டுக்' சத்தமே சொல்லும்.

ஓடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்கிப் பார்த்தேன். இஞ்சின் போனது. கூடவே நாதஸ்வரத்தின் மூச்சும் வலந்தலையின் கார்வையும் போயின. பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "ஆர் உது, பிளாஸ்ரிக் வாளியில அடிக்கிறது?" என்றார். மாற்றியதை அழித்தேன்.

இரண்டு கிழமை அப்படியே விட்டுவிட்டேன். அந்த நாட்களில்தான் தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்தைத் திரும்பப் பார்த்தேன், 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்ற படம். தெட்சணாமூர்த்தி 1975 இல் போய்விட்டார். அவர் கை எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒலிப்பதிவாகத்தான். கேட்டவர்கள் கதைக்கிறார்கள், தவில் பின்னால் ஓடுகிறது, ஆள் கண்முன்னே வருகிறார். பெரியப்பா இளந்தாரியாக அவரைக் கோயில் வீதி மணலில் இருந்து கேட்டவர். படம் பார்க்கும்போது திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு துடையில் தாளம் போட்டார். சத்யஜித் ரே பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை வைத்து 'பாலா' எடுத்தது 1976 இல். அந்த அம்மாவுக்கு அப்போது 58 வயது. கடற்கரையில் காற்று சேலையை அடிக்க அவர் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடும் இடம் எல்லோருக்கும் நினைவு நிற்கும். நாட்டியத்துக்குப் படம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மேளத்துக்கு அப்படியில்லை. நான் படத்தை முன்னே வைத்துக்கொண்டு சத்தத்தை அதற்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்தேன். வண்டிலை மாட்டுக்கு முன்னால் பூட்டின வேலை.

சத்தத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்டபோது பெரியப்பாவே சொன்னார். அன்றைக்கு லவுட்ஸ்பீக்கர் பூட்டினவர் எங்களுக்கு மாமா முறை, கொண்டாவிலில் இருக்கிறார், "அவன் எல்லாத்தையும் பதிவான்." போனேன். பிஸ்கற் தகரத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார், பூஞ்சணம் ஒரு பொட்டு இல்லை. சி-90 ஒலிக் கசெற் ஒன்று, பக்கத்துக்கு 45 நிமிடம். அம்பிளிபயரில் இருந்து நேரே வயர் இழுத்துப் பதிந்தது. "கார் பற்றரியிலதான் அம்பிளிபயரும் ஓடினது, ரேடியோவும் ஓடினது. ஜெனரேற்றர் வீடியோக்காரன்ர" என்றார். இந்த ஒரு வசனத்தின் பெறுமதி வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

கசெற் சத்தம் கண்ணாடி மாதிரி. படத்தோடு சேர்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் கம்பும் அடியும் பிரிந்தன, அரை மணியில் ஆள் வேறு சத்தம் வேறு. ஏன்? ஒரே பற்றரியில் இரண்டு சாமான். பற்றரி இறங்க இறங்க ரேடியோவின் கசெற் மோட்டார் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். எவ்வளவு ஏறியது என்று எப்படி அளப்பது? சுருதிப்பெட்டி இருக்கிறதே. துருத்தியை அமுக்கிக்கொண்டு ஒரு சின்னப்பொடியன் இரவு முழுக்க இருந்திருக்கிறான். தவில் எவ்வளவு பொரிந்தாலும் அதற்குக் கீழே ஆதார சட்சம் என்ற அடிச்சுரம் நின்றுகொண்டேயிருக்கும். அலைவரிசைப் படத்தில் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று. பக்கத்தின் தொடக்கத்தில் 294 ஹேர்ட்ஸ், அதாவது இரண்டு கட்டை. கோடு நேராக ஓடவேண்டியது, கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஏறி 45ஆம் நிமிடத்தில் 301 இல் நின்றது. நூற்றுக்கு 2.4. அரைக்கட்டை ஏற நூற்றுக்கு ஆறு வேண்டும். இது கால்கட்டைக்குக் கொஞ்சம் குறைய. கேட்பவர் காதுக்குப் பெரிதாகப் படாது, ஆனால் பக்கம் முடியும்போது அரை நிமிடம் கொள்ளை போயிருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆணி என்று அடித்தேன். படத்தில் கம்பு தோலில் படும் அரைப்படத்தைப் பிடித்து, கசெற்றில் அந்த அடியைப் பிடித்து, இரண்டையும் பொருத்துவது. ஆணிக்கு ஆணி இடையில் மென்பொருள் இழுத்துச் சமன்படுத்தும். கமராச் சத்தத்தை வைத்து ஆணி அடிக்கக் கூடாது. கமரா மேடைக்குப் பத்து மீற்றர் தள்ளி நின்றால் சத்தம் அங்கே போகவே ஒரு முழுப்படத்துக்குக் கிட்ட நேரம் எடுக்கும். போதாததுக்கு வேப்பமரத்தில் கட்டின ஹோண் ஸ்பீக்கர். எழுபது மீற்றர் தூரம் என்றால் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி அதே அடி இன்னொரு தரம் வந்து விழும். தனித் தவிலைக் கமரா பதிந்ததைக் கேட்டால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் துரத்துகிற மாதிரி இருக்கும்.

கசெற் பக்கம் மாற்றின இடம் ஒன்று இருந்தது. மாமா ஓடிப்போய் மற்றப் பக்கம் போட இருபது நொடி எடுத்திருக்கிறார், அதுவும் சமா உச்சத்துக்கு ஏறும்போது. அந்தக் குழிக்கு மட்டும் கமராச் சத்தத்தைப் போட்டு அடைத்தேன். ஒட்டு கேட்காத அளவுக்கு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன். வடிவாக வந்தது என்று நினைத்தேன்.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். தேத்தண்ணியோடு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். படத்தைப் பார்த்தார், "தலைமயிர் இருந்திருக்கு" என்றார், பிறகு வழக்கம் போலக் கண்ணை மூடினார். வலது கை துடையில் தாளம். குழி அடைத்த இடம் வந்தது. கை துடையில் விழுந்தது, தவிலில் சமம், தாளம் தொடங்கும் அடி, விழவில்லை. கண் திறந்தார்.

"திருப்பி விடு."

விட்டேன். திரும்பவும் கை தனியே விழுந்தது.

"தம்பி, தீர்மானம் மூண்டு தரம் வரவேணும். இதில ரண்டு தரந்தான் வருது. ஒண்டு எங்கை?"

தீர்மானம் என்றால் வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டு. நான் அதை நூறு தரம் பார்த்திருப்பேன். எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், படத்தில் அந்த நேரம் தவிலே இல்லை. வீடியோக்காரர் கமராவைத் திருப்பி, வெள்ளை வேட்டியோடு வந்த ஒரு பெரியவருக்குப் பொன்னாடை போர்ப்பதை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றரை நிமிடம். பொன்னாடை, மாலை, சந்தனக் கும்பா, திரும்பவும் பொன்னாடை. எங்கள் ஊர் மேள வீடியோக்கள் எல்லாவற்றிலும் உள்ள வியாதி இது. 1984 இல் வந்த 'ஸ்ரொப் மேக்கிங் சென்ஸ்' என்ற கச்சேரிப் படத்தில் இயக்குநர் ஜொனதன் டெம்மி, கடைசிக்குக் கிட்ட வரும்வரை சபையைக் காட்டுவதே அரிது. வாசிப்பவர்களைவிட்டுக் கண் நகராது. எங்கள் வீடியோக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. காசு தந்தவர் உபயகாரர், கமரா அவர் பக்கம்தான் திரும்பும்.

என் பிழை இதுதான். தீர்மானம் ஒரே சொற்கட்டாக மூன்று தரம் வருவது. கசெற்றின் மற்றப் பக்கம் தொடங்குவது மூன்றாவதில். நான் அதைக் கமராச் சத்தத்தின் இரண்டாவதோடு பொருத்திவிட்டேன். இரண்டும் அச்சொட்டாக ஒரே மாதிரி, அலையும் பொருந்தியது. மூன்று நொடி களவு போனது. அடுத்த ஆணி ஐந்து நிமிடம் தள்ளி இருந்ததால் மென்பொருள் மூன்று நொடியையும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இழுத்துப் பரப்பி மூடிவிட்டது. வெட்கம் என்னவென்றால், அந்த ஐந்து நிமிடத்தில் சுருதிக்கோடு 291க்கு இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். பற்றரி வேலை என்று விட்டுவிட்டேன். பற்றரி இறங்கினால் சுருதி ஏறும், இறங்காது என்று அதற்கு முதல் கிழமைதான் எனக்கு நானே படிப்பித்திருந்தேன்.

திருத்த அரை மணி நேரம். இந்தத் தரம் பெரியப்பாவின் கையும் தவிலும் ஒன்றாக விழுந்தன. ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு, "அந்த மூண்டாவதுக்குத்தான் சனம் கை தட்டினது" என்றார். உண்மைதான். முன்பு கைதட்டல் ஒரு தீர்மானம் பிந்தி வந்ததாக நினைத்து, சனம் மெத்தனம் என்று நான் குறிப்பில்கூட எழுதி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பெரிய வேலை இல்லை. நிறத்தைத் தொடவில்லை. வீடியோ லைற்றின் மஞ்சள் அப்படியே இருக்கட்டும். படத்தின் அடியில் தெறிக்கும் கோடுகளைக் கறுப்புப் பட்டியால் மறைத்தேன். நாலுக்கு மூன்று அளவு மாறவில்லை, இரண்டு பக்கமும் கறுப்பு. தவில் தவிலாகவே இருக்கிறது.

ஒரு இடத்துக்கு மட்டும் வீட்டுக்குள் வாக்குவாதம். சமா முடிய நாலு நிமிடம் இருக்க ஜெனரேற்றர் நின்றுவிட்டது. லைற் போய்ப் படம் கறுப்பு. வீடியோக்காரர் கமராவை நிறுத்தவில்லை, அது தன் பற்றரியில் ஓடியிருக்கிறது; கறுப்புக்குள் தூரத்தில் இரண்டு மூன்று மஞ்சள் பொட்டு ஆடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அம்பிளிபயர் கார் பற்றரியில். கசெற்றில் ஒரு அடிகூட விடவில்லை. சனம் 'ஹோ' என்கிறது, நாலு தவிலும் அதற்கு மேலால் ஏறுகின்றன. லண்டனில் இருக்கும் இன்னொரு மச்சான் அந்த இடத்தில் குடும்பப் படங்களை ஓடவிடச் சொன்னான். "நாலு நிமிசம் கறுப்பை ஆர் பாப்பினம்?" என்றான் வட்ஸ்அப்பில். நான் கறுப்பாகவே விட்டேன். பெரியப்பாவிடம் இருட்டில் எப்படி வாசித்தீர்கள் என்று கேட்டேன். "வெளிச்சத்தில மட்டும் என்ன, தவிலைப் பாத்தோ வாசிக்கிறது?" அந்த மஞ்சள் பொட்டுகள் பெற்றோமாக்ஸ் என்றும், கொண்டு வந்தவர்கள் கச்சான் கடைக்காரரும் மணிக்கடைக்காரரும் என்றும் சொன்னார்.

கடைசி வேலை எழுத்து. பழைய வீடியோவின் தொடக்கத்தில் நீலத்தில் எழுத்து ஓடுகிறது: உபயகாரர், தர்மகர்த்தா, பொன்னாடை பெற்றவர், போர்த்தவர், லைற், வீடியோ. மேளக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை. 'மேளக்கச்சேரி' என்று ஒரே ஒரு சொல். அதை அழிக்காமல், பின்னால் இன்னொரு பலகை சேர்ப்பம் என்று பெரியப்பாவிடம் பெயர் கேட்டேன். நாதஸ்வரம் இரண்டு பேர், சொன்னார், எழுதினேன். முதல் தவில், தான், மூன்றாவது. சுருதிப்பெட்டிப் பொடியனின் பெயர்கூட நினைவிருந்தது, அவன் இப்போது பிரான்சில் லொறி ஓடுகிறானாம். நாலாவது தவிலில் நின்றுவிட்டார். கொண்டாவில் மாமாவுக்குப் போன் எடுத்தோம், அவருக்கும் வரவில்லை. அந்த இரவுக்கு மட்டும் அளவெட்டி ஊரில் இருந்து வந்த ஆள். படத்தில் ஆளைக் காட்டும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினேன். மீசை முளைக்காத முகம், வலந்தலைப் பக்கம் சாய்ந்த தலை.

"கை ஞாபகம் இருக்கு, பேர் வருகுதில்லை" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அளவெட்டித் தம்பி எண்டு போடு. தெரிஞ்ச ஆக்கள் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றார்.

தவில்: அளவெட்டித் தம்பி என்று போட்டிருக்கிறேன்.